பழைய உத்திரம், புதிய அறை: இடித்த வீட்டு மரத்தில் சுமை ஏற்றலாமா?

வீட்டோடு ஒட்டி ஓர் அறை இழுத்துக் கட்டும்போது, இடித்த கட்டடத்திலிருந்து வந்த உத்திரங்களைப் போடலாமா என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "அந்தக் காலத்து மரம், வைரம் பாய்ந்தது, கண்ணை மூடிக்கொண்டு போடலாம்" என்பது ஒன்று. "பழைய மரத்துக்கு யார் உத்தரவாதம், இரும்பைப் போடுங்கள்" என்பது இன்னொன்று. இரண்டுமே மரத்தைப் பார்க்காமல் சொல்லப்படுபவை.

ஓர் உத்திரம் பல தலைமுறை நின்றிருக்கிறது என்றால், அது இருந்த இடத்தில், அந்த நீளத்தில், அந்தச் சுமையைத் தாங்கி நின்றிருக்கிறது என்று மட்டுமே பொருள். அதைக் கழற்றி, முனையை அறுத்து, வேறு சுவரில் வேறு நீளத்துக்குப் போட்ட பிறகு அந்தப் பழைய சான்று செல்லாது. அதற்காக மரம் கெட்டுவிட்டது என்றும் ஆகாது. புதிதாகக் கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் என்னென்ன வரும், மரத்தில் எதைப் பார்க்க வேண்டும், எங்கே தவறு நடக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

உத்திரம் என்பது இரண்டு முனைகளில் மட்டும் தாங்கப்பட்டு, நடுவில் ஆதாரமில்லாமல் சுமை சுமக்கும் மரம். தாங்கல்களுக்கு நடுவே உள்ள அந்த வெற்று நீளத்தை இந்தக் கட்டுரையில் இடைத்தூரம் என்று சொல்கிறேன். சுவரின் மேல் உட்காரும் முனைப்பகுதி அமர்வு. மரத்தின் நடுப்பகுதியில் நிறம் அடர்ந்து, கெட்டிப்பட்டு இருப்பது வைரம். பட்டையை ஒட்டி வெளுத்து இருப்பது வெளிறு. பூச்சியும் பூஞ்சையும் பெரும்பாலும் வெளிறில்தான் கை வைக்கும்.

பலம், விறைப்பு இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம். உடையாமல் எவ்வளவு தாங்கும் என்பது பலம். சுமை ஏறும்போது எவ்வளவு குறைவாகத் தொய்கிறது என்பது விறைப்பு. வீட்டு உத்திரங்களில் பெரும்பாலும் முதலில் பிரச்சினையாவது விறைப்புதான். உத்திரம் உடைவதற்கு வெகு முன்பே தளம் அதிரும், மேற்பூச்சு விரியும், கதவு சிக்கும்.

வயதானால் மரம் பலமிழக்குமா?

வயது மட்டும் மரத்தைக் கெடுப்பதில்லை. உலர்ந்த, பூச்சி அண்டாத இடத்தில் இருக்கும் மரம் நூற்றாண்டுகள் கடந்தும் வேலை செய்யும். ஜப்பானின் நாரா பகுதியில் உள்ள ஹோரியூ-ஜி கோயிலின் மரக் கட்டடங்கள் ஏறக்குறைய 1,300 ஆண்டுகளாக நிற்கின்றன. மரத்தைக் கெடுப்பவை மூன்று: ஈரம், பூச்சி, நெடுநாள் அளவுக்கு மீறிய சுமை.

ஈரத்தைப் பொறுத்தவரை ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும், 20 சதவீதம். மரத்தின் உலர் எடையோடு ஒப்பிட்டால் அதிலுள்ள நீர் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை, மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சை புதிதாகப் பிடிக்காது. 28 முதல் 30 சதவீதத்தைத் தாண்டினால் மரத்தின் செல்களுக்குள் நீர் தேங்கத் தொடங்கிவிடும், பூஞ்சைக்கு அதுதான் வசதி.

மூன்றாவது காரணத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மரம் கொஞ்ச நேரம் தாங்கும் சுமையை நெடுங்காலம் தாங்காது. அமெரிக்காவின் மேடிசன் நகரில் உள்ள வனப்பொருள் ஆய்வகத்தில் லைமன் வுட் என்பவர் 1951-ல் வெளியிட்ட வரைகோடு இன்றுவரை இதற்கு ஆதாரமாக இருக்கிறது. சில நிமிடச் சோதனையில் உடையும் சுமையில் சுமார் 62 சதவீதத்தைத்தான் பத்தாண்டுகள் தொடர்ந்து தாங்கும் என்பது அதன் சாரம். வடிவமைப்பு விதிகள் இந்தக் குறைவை ஏற்கெனவே கழித்துக்கொண்டுதான் அனுமதி அளவைச் சொல்கின்றன. ஆகவே பழைய வீட்டில் அளவோடு சுமந்த உத்திரம் தன் ஆயுளைத் தின்று தீர்த்திருக்காது. ஆனால் கழற்றும்போதே வில் போலத் தொய்ந்திருந்த உத்திரம் அப்படியல்ல. அது பல வருடம் சக்திக்கு மீறிச் சுமந்திருக்கலாம். அதைச் சுமை வேலையிலிருந்து தள்ளிவைப்பது நல்லது.

பழைய மரத்துக்கு ஒரு நிஜமான சாதகம் உண்டு: அது சுருங்கி முடித்துவிட்டது. பச்சை மரம் முழுக்கக் காயும்போது, மர இனத்தைப் பொறுத்து, வளையங்களின் போக்கில் 6 முதல் 8 சதவீதம் வரை, ஆரப் போக்கில் (நடுவிலிருந்து பட்டையை நோக்கி) அதில் பாதியளவு சுருங்குவது சாதாரணம். நீளவாக்கில் சுருக்கம் மிகமிகக் குறைவு. புதிதாக அறுத்த பெரிய உத்திரத்தைப் போட்டால் அந்தச் சுருக்கமும் முறுக்கமும் உங்கள் வீட்டுக்குள் நடக்கும். பழைய உத்திரத்தில் அந்தக் கதை முடிந்துபோனது. மேலே தெரியும் நீளவாக்கு வெடிப்புகளில் பெரும்பாலானவை மரம் காய்ந்தபோது விழுந்த தழும்புகள்தான்.

அப்புறம், நெருக்கமான வளையம் இருந்தால் பலமான மரம் என்று ஒரு நம்பிக்கை. பைன் போன்ற ஊசியிலை மரங்களுக்கு இது பொதுவாகச் சரி. தேக்கு, ஓக் போன்ற மரங்களில் நிலைமை வேறு. இவற்றில் ஒவ்வோர் ஆண்டு வளையமும் பெரிய துளைகள் நிறைந்த ஒரு வரிசையோடு தொடங்கும். வளர்ச்சி மிக மெதுவாக இருந்தால் அந்தத் துளை வரிசைகள் நெருங்கி நெருங்கி வந்து மரம் லேசாகிவிடும். வளையத்தை மட்டும் எண்ணிப் பார்த்துத் தேக்கு உத்திரம் வாங்குவதில் அர்த்தமில்லை.

இடம் மாறும்போது மாறும் கணக்கு

உத்திரத்தின் கணக்கு பள்ளிக்கூட அளவுக்கு எளிதானது. ஆனால் அதன் விளைவுகள் மனக்கணக்குக்குப் பிடிபடுவதில்லை.

1. உயரம்தான் ராஜா. உத்திரத்தின் அகலத்தை இரட்டித்தால் பலமும் விறைப்பும் இரண்டு மடங்கு. உயரத்தை இரட்டித்தால் பலம் 4 மடங்கு, விறைப்பு 8 மடங்கு. 100 மி.மீ. அகலமும் 200 மி.மீ. உயரமும் உள்ள உத்திரத்தைக் கூரை உயரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று படுக்கப் போட்டால் பலம் பாதியாகிவிடும், விறைப்பு கால் பங்காகிவிடும். அதே மரம்தான்.

2. இடைத்தூரம் கூடினால் தொய்வு அதன் நான்காம் மடியில் கூடும். 10 அடி அறையில் நின்ற உத்திரங்களை அதே இடைவெளியில், அதே தளச் சுமைக்கு 12 அடி அறையில் போட்டால் வளைவிசை 1.44 மடங்கு, தொய்வு 2 மடங்குக்கும் சற்று அதிகம். இரண்டு அடிதானே என்று தோன்றும். இரண்டடிக்கு இரட்டைத் தொய்வு.

3. சுமையின் வகை மாறுகிறதா? வீட்டுத் தளத்துக்கு மனிதர்கள், சாமான்கள் ஆகியவற்றுக்காகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை எடுத்துக்கொள்வது வழக்கம். ஆள் ஏறாத கூரைக்கு இதில் பாதியோ அதற்கும் கீழோ. ஓட்டுக் கூரையின் கீழ் நின்ற மரத்தை மாடி அறையின் தளத்துக்குக் கொண்டுவந்தால், நீளம் மாறாவிட்டாலும் வேலை மாறிவிட்டது.

4. பழைய வெட்டுகள். இடித்த வீட்டு உத்திரத்தில் சட்டங்கள் வந்து உட்கார்ந்த காடிகளும், குறுக்கு மரம் நுழைந்த துளைகளும் இருக்கும். 200 மி.மீ. உயர உத்திரத்தில் 50 மி.மீ. ஆழத்துக்கு ஒரு காடி இருந்தால், அந்த இடத்தில் மீதி உயரம் 150 மி.மீ. பலம் அங்கே 56 சதவீதம்தான். காடியின் மூலையில் விசை குவிந்து நார் பிளக்கும் அபாயம் இதற்கு மேல்.

5. அறுபடும் முனைகள். சுவருக்குள் பல வருடம் இருந்த முனைகள்தான் முதலில் கெடும். 4.2 மீட்டர் உத்திரத்தில் இரண்டு பக்கமும் 30 செ.மீ. அறுத்தெறிய வேண்டியிருந்தால் மிஞ்சுவது 3.6 மீட்டர். ஒவ்வொரு பக்கமும் 15 செ.மீ. அமர்வு போனால் சுவருக்குச் சுவர் கிடைப்பது 3.3 மீட்டர். வரைபடத்தில் அறை 3.6 மீட்டர் என்று முடிவாகிவிட்டிருந்தால் அந்த உத்திரம் விறகுக்குத்தான் போகும்.

இந்தக் கடைசிப் புள்ளியில்தான் பெரும்பாலான திட்டங்கள் தடுமாறுகின்றன. அறையை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற பழைய மரத்தைத் தேடுவது தலைகீழ் வேலை. மரத்தை முதலில் கையில் எடுத்து, சோதித்து, கிடைக்கும் நல்ல நீளத்தைத் தெரிந்துகொண்டு, அறையின் குறுகிய பக்கத்தை அதற்கு ஏற்ப வரைய வேண்டும். அறை அரையடி குறைந்தாலும் பரவாயில்லை. உத்திரத்தில் ஒட்டுப் போட்டு நீட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

எந்த முகம் மேலே?

சுமை ஏறும்போது உத்திரத்தின் மேல்முகம் நெருக்கப்படும், கீழ்முகம் இழுபடும். கணுவும் வெட்டும் நெருக்கத்தை ஓரளவு பொறுக்கும். இழுவையைப் பொறுக்காது. ஆகவே நடுப்பகுதியின் கீழ்முகம்தான் உத்திரத்திலேயே சுத்தமாக இருக்க வேண்டிய இடம்.

தொய்ந்த உத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டால் தொய்வு மேல்நோக்கிய வளைவாகிவிடும், சுமை ஏறியதும் நேராகும் என்று சொல்லப்படும் யோசனை இங்கேதான் ஆபத்தாகிறது. பழைய வீட்டில் காடிகள் பெரும்பாலும் மேல்முகத்தில் வெட்டப்பட்டிருக்கும். கவிழ்த்தால் அத்தனை காடிகளும் இழுபடும் பக்கத்துக்கு வந்துவிடும். முனைக்கு அருகே, அமர்வை ஒட்டி, கீழ்முகத்தில் வெட்டு இருப்பதும் மோசம். அங்கே உத்திரம் வளைந்து உடையாது, நார்வாக்கில் நீளமாகப் பிளக்கும். மரத்தைக் கழற்றும்போதே மேல்முகத்தில் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போட்டுவைப்பது ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் அடுக்கிவிட்டால் பின்னால் எது மேல், எது கீழ் என்று ஆணித் துளைகளை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும்.

மரத்தை எப்படிப் பார்ப்பது

நல்ல வெளிச்சத்தில், இரண்டு கட்டைகளின் மேல் தூக்கிவைத்து, தூசியைக் கம்பித் தூரிகையால் தட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். தரையில் கிடக்கும் உத்திரத்தில் மூன்று முகம்தான் தெரியும்.

1. கூர்முனையால் நெம்பிப் பார்ப்பது. ஓர் ஊசிக்குத்தியையோ கூர்மையான ஸ்க்ரூடிரைவரையோ மேற்பரப்பில் சாய்வாகக் குத்தி, நாரை மேலே நெம்ப வேண்டும். நல்ல மரம் "படக்" என்ற சத்தத்தோடு நீளமான சிம்பாக எழும். சிம்பின் ஒரு முனை மரத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். பூஞ்சை பிடித்த மரம் சத்தமில்லாமல், குத்திய இடத்துக்கு மேலேயே குட்டையாக, பொரபொரவென்று ஒடியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரிந்தாலும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். முனைகள், சுவரைத் தொட்ட பகுதிகள், பழைய துளைகளின் உள்பக்கம் ஆகிய இடங்களில் இதை அவசியம் செய்ய வேண்டும்.

2. தட்டிப் பார்ப்பது. சுத்தியலால் அரை அடிக்கு ஒரு தட்டு. கணீரென்ற சத்தம் மந்தமாகும் இடத்தில் உள்ளே குடைவு இருக்கலாம். கரையான் மேல் தோலை விட்டுவிட்டு உள்ளே தின்னும் பழக்கமுள்ளது.

3. நாரின் சாய்வு. நார் உத்திரத்தின் நீளத்தோடு இணையாக ஓட வேண்டும். 10 செ.மீ. ஓடுவதற்குள் 1 செ.மீ. சாய்ந்தால் வளைபலம் ஏறக்குறைய 81 சதவீதத்துக்கு இறங்கும். 5 செ.மீ.க்கு 1 செ.மீ. என்றால் 55 சதவீதம். மரம் காயும்போது வந்த வெடிப்புகள் நாரோடு ஓடுபவை என்பதால் வெடிப்பின் சாய்வே நாரின் சாய்வைக் காட்டிவிடும். வெடிப்பு பக்கமுகத்தில் தொடங்கிக் கீழ்முக விளிம்பில் போய் வெளியேறினால் அந்த உத்திரம் சுமைக்கு வேண்டாம்.

4. கணு. கணு எவ்வளவு பெரிது என்பதைவிட, அது முகத்தின் அகலத்தில் எத்தனை பங்கு என்பதுதான் கேள்வி. பெரிய உத்திரத்தை நெடுக அறுத்துச் சின்னச் சட்டங்களாக்கும்போது இது முக்கியமாகிறது. 200 மி.மீ. முகத்தில் 40 மி.மீ. கணு ஐந்தில் ஒரு பங்கு. அதையே 50 மி.மீ. சட்டமாக அறுத்தால் அதே கணு ஐந்தில் நான்கு பங்கு. தாய் உத்திரம் நல்லது என்பதால் அதிலிருந்து அறுத்த சட்டமும் நல்லது என்று வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொன்றையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

5. வண்டுத் துளைகள். துளை இருப்பது பூச்சி இருப்பதற்கான சான்று அல்ல, பூச்சி எப்போதோ வெளியேறியதற்கான சான்று. துளையின் விளிம்பு கறுத்து மழுங்கியிருந்தால் பழையது. உள்ளே வெளிர்நிறமாக, விளிம்பு கூராக இருந்தால் சந்தேகம். உத்திரத்துக்கு அடியில் கறுப்புத் தாளை விரித்து, பூச்சி நடமாடும் வெதுவெதுப்பான மாதங்களில் சில வாரம் விட்டுப் பாருங்கள். மாவு போல வெளிர்தூள் புதிதாக உதிர்ந்திருந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது. அப்படிப்பட்ட மரத்தை மற்ற மரங்களோடு அடுக்கக் கூடாது.

பூச்சியைக் கொல்லச் சூடு நம்பகமான வழி. சர்வதேசப் பயணத்துக்கான மரப்பெட்டிகளுக்கு விதிக்கப்பட்டிருக்கும் அளவு, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ், 30 நிமிடம். பெரிய உத்திரத்தின் நடுவுக்குச் சூடு போய்ச் சேர மணிக்கணக்கில் ஆகும் என்பதால் இது சூளையில் செய்யும் வேலை. போரான் உப்புக் கரைசலைப் பூசுவதும் நல்லதுதான். ஆனால் அது நீரோடு சேர்ந்து ஊர்ந்து போகும் பொருள். எலும்பாகக் காய்ந்த வைரத்துக்குள் அது ஆழமாக இறங்காது, மழை படும் இடத்தில் கழுவிக்கொண்டு போய்விடும்.

6. ஈரமானி. இரண்டு ஊசிகளைக் குத்திப் படிக்கும் சிறு கருவி. இரண்டு முனை, நடு, பழைய துளை என்று நான்கைந்து இடங்களில் படிக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் எண் கூடினால் அந்த முனைக்குள் ஏதோ இருக்கிறது. உப்பு கலந்த பாதுகாப்பு மருந்து ஏறிய மரத்தில் கருவி அதிகமாகக் காட்டும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

இதற்கு மேல் சந்தேகம் நீடித்தால், 3 மி.மீ. முனையுள்ள மெல்லிய ஊசித் துரப்பணத்தை மரத்துக்குள் செலுத்தி, அது சந்திக்கும் எதிர்ப்பை வரைகோடாகப் பதிவு செய்யும் கருவி உண்டு. உள்ளே பொள்ளலாக இருக்கும் இடத்தில் கோடு தரைதட்டும். மரத்துக்குச் சேதம் மிகக் குறைவு. முக்கிய உத்திரங்களுக்கு இந்தச் செலவு வீண் போகாது.

எடை தொங்கவிட்டு விறைப்பை அளப்பது

கண்ணால் பார்ப்பது மரத்தின் குறைகளைச் சொல்லும். அதன் விறைப்பு எவ்வளவு என்று சொல்லாது. அதை நேரடியாக அளக்கலாம், கருவியும் பெரிதாக வேண்டாம்.

உத்திரத்தை 3 மீட்டர் தள்ளி இரண்டு உறுதியான தாங்கல்களின் மேல், வீட்டில் நிற்கப்போகிற நிலையிலேயே நிறுத்துங்கள். நடுப்புள்ளிக்குக் கீழே, தரையில் ஊன்றிய தாங்கியில் ஓர் அளவுக் கடிகாரம். நூறில் ஒரு மி.மீ. வரை காட்டும் சாதாரண பட்டறைக் கருவி போதும். நடுவில் 100 கிலோவைத் தொங்கவிட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 100 மி.மீ. அகலம், 200 மி.மீ. உயரம், நல்ல விறைப்புள்ள மரம் (ஒரு சதுர மி.மீ.க்கு 10,000 நியூட்டன் மீள்மை எண்) என்றால் இறக்கம் 0.8 மி.மீ. அளவில் வரும். 1.6 மி.மீ. இறங்கினால் அதன் விறைப்பு அதில் பாதிதான். எடையைக் கழற்றியதும் முள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் தாங்கல் நசுங்கியிருக்கும், இல்லையென்றால் மரத்தில் கோளாறு.

ஒரே இடத்திலிருந்து வந்த பத்து உத்திரங்களை இப்படி அளந்தால் அவற்றுக்குள் கணிசமான வித்தியாசம் தெரியும். விறைப்பானவற்றை அறையின் நடுவிலும், தளர்ந்தவற்றைச் சுவரோரமும் போடலாம். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: விறைப்பான மரம் பொதுவாகப் பலமான மரமும்கூட, ஆனால் கட்டாயம் அப்படித்தான் என்றில்லை. ஒரு மோசமான கணுவோ, முனையில் ஒரு பிளவோ விறைப்பை அதிகம் குறைக்காமலே பலத்தைச் சரித்துவிடும். எனவே இந்தச் சோதனை கண்பார்வைச் சோதனைக்குத் துணைதான், மாற்று அல்ல. எடையைத் தொங்கவிடும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது, எடை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் தொங்கக் கூடாது.

முனையும் சுவரும்

உத்திரம் கெடுவது நடுவில் அல்ல, முனையில். சுவர் தரை ஈரத்தையும் மழை ஈரத்தையும் உறிஞ்சும். மரத்தின் குறுக்குவெட்டு முகம், அதாவது வளையங்கள் தெரியும் முனை, நீரை உறிஞ்சுவதில் மற்ற முகங்களைவிடப் பல மடங்கு வேகம். இரண்டையும் சிமெண்டுக் கலவை போட்டு இறுக்கிப் பூசினால் ஈரம் உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது. பழைய வீட்டில் முனை அழுகியதற்குக் காரணம் எதுவோ அதையே புதிய அறையிலும் செய்வதாகிவிடும்.

செய்ய வேண்டியது: அமர்வுக்கு அடியில் ஈரம் கடத்தாத தகடு, முனையைச் சுற்றியும் பின்னாலும் விரலளவு காற்றிடைவெளி, முனைமுகத்துக்குப் போரான் போன்ற மருந்து. முடிந்தால் சுவருக்குள் நுழைக்காமல், சுவரில் பொருத்திய இரும்புத் தொட்டிலில் முனையை உட்கார வைப்பது இன்னும் நல்லது. முனை கண்ணுக்குத் தெரியும், பிற்பாடு சோதிக்கவும் முடியும்.

அமர்வின் நீளமும் முக்கியம். நார்வாக்கில் அழுத்தினால் நன்றாகத் தாங்கும் மரம், நாருக்குக் குறுக்கே அழுத்தினால் அதில் சிறு பங்கைத்தான் தாங்கும். அமர்வு குறுகினால் மரம் சுவர் விளிம்பில் நசுங்கும். வழக்கமான வீட்டு உத்திரத்துக்கு 100 மி.மீ.க்குக் குறையாமல் கொடுப்பார்கள். சுமை அதிகமென்றால் கணக்குப் பார்த்துக் கூட்ட வேண்டும்.

இழுத்துக் கட்டும் அறைக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. பழைய வீட்டின் அடித்தளம் அமர்ந்து முடித்திருக்கும். புதிய அறையின் அடித்தளம் முதல் ஓரிரு வருடங்களில் இன்னும் கொஞ்சம் இறங்கும். உத்திரத்தின் ஒரு முனை பழைய சுவரிலும் மறுமுனை புதிய சுவரிலும் இருந்தால் தளம் சாயும், இரண்டு வீடும் சேரும் இடத்தில் விரிசல் விடும். உத்திரங்களைப் புதிய அறையின் இரு பக்கச் சுவர்களுக்கு நடுவே, பழைய சுவருக்கு இணையாக ஓடவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். பழைய சுவரை உடைத்து வழி திறக்கும் இடத்துக்கு மேலே வரும் உத்திரத்தை மட்டும் பழைய மரத்தில் செய்ய வேண்டாம் என்பது என் திடமான கருத்து. மேல்சுவரின் முழு எடையும் நிரந்தரமாக அதன் மேல் உட்காரும், தொய்வு கொஞ்சம் கூடினாலும் மேலே உள்ள செங்கல் வரிசை விரியும். அந்த ஓரிடத்தில் இரும்பையோ கான்கிரீட்டையோ போட்டு, மரத்தை அதன் முகப்பாக வைக்கலாம்.

ஆணி, பெயிண்ட், தார்

காந்தத்தாலோ உலோகம் காட்டும் கருவியாலோ தடவாமல் எந்தப் பழைய உத்திரத்தையும் ரம்பத்துக்குக் கொடுக்கக் கூடாது. தலை உடைந்து உள்ளே புதைந்த ஆணி ரம்பத்தின் பல்லைச் சிதறடிக்கும், சிதறிய பல் ஆளைக் காயப்படுத்தும். ஓக் போன்ற துவர்ப்புச் சத்துள்ள மரங்களில் ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கும். இரும்பும் துவர்ப்பும் ஈரத்தில் சேர்ந்ததால் வந்த கறை அது. கறை தானாகவே ஆபத்தில்லை. ஆனால் அந்த இடத்தில் ஈரம் இருந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி, எனவே ஊசிக்குத்தியால் நெம்பிப் பார்க்க வேண்டிய இடம். புதிதாகப் பொருத்தும்போது அந்த மரங்களுக்குத் துருப்பிடிக்காத எஃகு திருகுகளே சரி. உலர்ந்த கெட்டி மரத்தில் முன்துளை போடாமல் திருகினால் முனை பிளக்கும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை அமெரிக்கா தடை செய்ததே 1978-ல்தான், வேறு பல நாடுகளில் அதற்கும் பின்னால். பெயிண்ட் பூசிய உத்திரத்தை உலர்வாகத் தேய்ப்பதோ, தீச்சுடரால் சுட்டுச் சுரண்டுவதோ கூடாது. அந்தத் தூளும் புகையும் குழந்தைகளுக்குத்தான் முதலில் கேடு.

ரயில் தண்டவாளக் கட்டைகள் போலத் தார் மணம் வீசும் மரம் கிரியோசோட் என்ற தார் மருந்து ஏறியது. வீட்டுக்குள் அதற்கு இடமில்லை, எவ்வளவு பலமானாலும் சரி. பச்சை சாயம் தெரியும் மரத்தில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏறியிருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு இதை 2003 இறுதியோடு நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய மரங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. இந்த வகை மரத்தின் துண்டுகளை அடுப்பில் எரிக்கவே கூடாது. ஆர்சனிக் சாம்பலில் தங்கிவிடும்.

தீ பிடித்தால்?

மரம் எரியும் என்பது உண்மை. ஆனால் பெரிய உத்திரம் ஒரே சீரான வேகத்தில்தான் எரியும், மேலே உருவாகும் கரி உள்மரத்தைக் காக்கும். ஐரோப்பிய வடிவமைப்பு விதிகள் ஊசியிலை மரத்துக்கு நிமிடத்துக்கு 0.65 மி.மீ., அடர்ந்த கெட்டி மரத்துக்கு 0.5 மி.மீ. என்ற கரியும் வேகத்தை அடிப்படையாக எடுத்துக்கொள்கின்றன. அரைமணி நேரத்தில் ஒரு முகத்தில் 15 முதல் 20 மி.மீ. போகும். தடித்த உத்திரத்துக்கு இது சமாளிக்கக்கூடியது. 40 மி.மீ. சட்டத்துக்கு இது முடிவு. பழைய உத்திரங்கள் பெரும்பாலும் தடிமனானவை என்பது இங்கே உதவும். அவற்றை நெடுக அறுத்துச் சட்டமாக்கினால் அந்த நன்மை போய்விடும்.

கையெழுத்துப் போடுவது யார்?

கடையில் வாங்கும் புதிய கட்டுமான மரத்தில், தரப்படுத்தல் நடைமுறை உள்ள நாடுகளில், பலத்தின் வகுப்பைச் சொல்லும் முத்திரை இருக்கும். பொறியாளர் அதை வைத்துக் கணக்குப் போடுவார். பழைய மரத்தில் அந்த முத்திரை கிடையாது, இருந்தாலும் வெட்டும் துளையும் விழுந்த பிறகு அது பொருந்தாது. கண்ணால் தரம் பிரிக்கும் விதிகளும் பெரும்பாலும் புதிதாக அறுத்த மரத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆணித் துளையையும் பழைய காடியையும் எப்படிக் கணக்கில் எடுப்பது என்று அவை அதிகம் பேசுவதில்லை. ஆகவே கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் மரத்தை நேரில் பார்த்து, ஒரு பலத்தை அனுமானித்து, பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். கட்டட அனுமதியும் காப்பீடும் அந்தக் கையெழுத்தைத்தான் கேட்கும். மரத்தை வாங்குவதற்கு முன்பே அவரை அழைத்துப் பேசிவிடுங்கள். சில பொறியாளர்கள் பழைய மரத்துக்குக் கையெழுத்திட மாட்டார்கள், அது அவர்கள் உரிமை.

எந்த மரத்துக்கு எந்த வேலை

எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு குவியலை மூன்றாகப் பிரிக்கலாம்.

முனையிலிருந்து முனைவரை நல்ல மரம், நடுக் கீழ்முகம் சுத்தம், அளந்த விறைப்பு போதுமானது என்றால் தளத்துக்கும் கூரைக்கும் சுமை உத்திரமாகப் போகலாம், கணக்கு அனுமதிக்கும் இடைத்தூரத்துக்கு உட்பட்டு.

விறைப்பு கொஞ்சம் குறைவு ஆனால் மரம் நல்லது என்றால் இரண்டு வழி. உத்திரங்களை நெருக்கிப் போடலாம். இல்லையென்றால் உத்திரத்தை நெடுக இரண்டாக அறுத்து, நடுவில் இரும்புத் தகட்டை நிறுத்தி போல்ட் போட்டு இறுக்கலாம். எஃகின் விறைப்பு மரத்தைப்போல ஏறக்குறைய 20 மடங்கு என்பதால் மெல்லிய தகடே நிறையச் சுமையை எடுத்துக்கொள்ளும். மரம் தகட்டைப் பக்கவாட்டில் சுருண்டுவிடாமல் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் உத்திரம் முழு மரமாகவே தெரியும்.

குறையுள்ளவை நிலைக்கதவு, ஜன்னல் சட்டம், படிப்பலகை, சுவர்ப் பலகை என்று போகட்டும். இதுவும் வீண் அல்ல. 150 மி.மீ. அகலமும் 250 மி.மீ. உயரமும் 4 மீட்டர் நீளமும் உள்ள ஒரு தேக்கு உத்திரம் சுமார் 100 கிலோ எடை இருக்கும். உலர் மரத்தில் பாதி கரிமம் என்பதால், காற்றிலிருந்து எடுத்த சுமார் 160 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான கரிமம் அதற்குள் பூட்டியிருக்கிறது. எரித்தால் சில மணி நேரத்தில் அத்தனையும் வெளியே போய்விடும். படிப்பலகையாக இருந்தால் இன்னொரு தலைமுறை வரை உள்ளேயே இருக்கும்.

போட்ட பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மரம் புதிய சுமைக்கு மெல்ல மெல்ல இன்னும் கொஞ்சம் தொய்யும். முதல் நாள் தொய்வைப்போல நாளடைவில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை போவது எதிர்பார்க்கக்கூடியதே. இடைத்தூரத்தில் 360-ல் ஒரு பங்கு என்பது பரவலாகப் பயன்படும் தொய்வு வரம்பு. 3.6 மீட்டருக்கு 10 மி.மீ. வேலை முடிந்த அன்றே இரண்டு முனைகளுக்கும் நடுவே நூல் கட்டி, நடுப்புள்ளி நூலிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து, உத்திரத்தின் பக்கவாட்டிலேயே தேதியோடு எழுதிவையுங்கள். ஆறாம் மாதமும், முதல் மழைக்காலம் முடிந்த பிறகும் மறுபடி அளந்து, முனைகளில் ஈரமானியையும் வைத்துப் பாருங்கள். தொய்வு கூடும் வேகம் குறைந்துகொண்டே வந்தால் மரம் படிந்துகொண்டிருக்கிறது. வேகம் கூடினாலோ, முனையில் 20 சதவீதத்தைத் தாண்டினாலோ, அடியில் முட்டு கொடுத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.